புலி பாய்ந்த படத்தில் நின்றவர்கள்

சமூக மன்றங்களிலும் சங்கக் கட்டடங்களிலும் மாலை வேளையில் நடைபெறும் ஊர் வரலாற்று உரைகளில் எதைச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்பது இன்றைய கருத்தரங்கில் எனக்குத் தரப்பட்ட பொருள். பல ஆண்டுகளாக அத்தகைய உரைகளைக் கேட்டும் வருகிறேன், ஆற்றியும் வருகிறேன். அந்த அனுபவத்தில் சில சொல்கிறேன்.

மாலைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் மாணவர்கள் அல்லர். வேலை முடிந்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, ஒரு தே தாரிக் குடித்துவிட்டு, தொலைக்காட்சித் தொடரை ஒரு நாளைக்கு விட்டுக்கொடுத்து வருகிறவர்கள். அவர்களிடம் ஆண்டுகளையும் ஆளுநர்களின் பெயர்களையும் அடுக்கினால் பத்து நிமிடத்தில் கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். ஆகவே பேச்சாளர்கள் புலி, பேய், கொலை, கொள்ளை என்று தொடங்குகிறார்கள். சிங்கப்பூர் வரலாற்றில் இவற்றுக்குப் பஞ்சமில்லை. கதை சுவையாக இருப்பதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. சுவையான கதைக்குள் நின்றுகொண்டிருக்கும் சிலரை நாம் பார்க்காமலே கடந்துவிடுகிறோம் என்பதுதான் என் மனக்குறை.

புலியிலிருந்தே தொடங்குகிறேன். ஊர் வரலாறு பேசுவோர் திரையில் காட்டத் தவறாத படம் ஒன்று உண்டு. அதன் பிரதி தேசிய அரும்பொருளகத்திலும் இருக்கிறது. அடர்ந்த காட்டின் நடுவே ஒருவர் நிலத்தை அளந்துகொண்டிருக்கிறார். திடீரென்று புதருக்குள்ளிருந்து புலி ஒன்று பாய்கிறது. அளவைக் கருவி சாய்கிறது, மனிதர்கள் விழுந்தடித்துச் சிதறுகிறார்கள். நிலம் அளந்தவர் ஜார்ஜ் கோல்மன் என்ற அயர்லாந்துக்காரர். சிங்கப்பூரின் முதல் கட்டடக் கலைஞர் என்று சொல்லத் தக்கவர், 1833 முதல் 1841 வரை பொதுப்பணிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர். சம்பவம் நடந்தது 1835இல். படத்தை வரைந்தவர் லாய்ட்டமன் என்ற ஜெர்மானிய ஓவியர், அதுவும் சம்பவம் நடந்து சுமார் முப்பது ஆண்டுகள் கழித்து. யாருக்கும் காயமில்லை, கருவிதான் உடைந்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

கூட்டத்தில் இந்தப் படத்தைக் காட்டினால் எல்லாருடைய கண்ணும் புலியின் மீது போகும். அடுத்து கோல்மன் மீது போகும். கோல்மனைச் சுற்றி நின்றவர்கள் யார் என்று கேட்டால் "கூலியாட்கள்" என்று பதில் வரும். அவர்கள் கூலி வாங்கியவர்கள் அல்லர். இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்டு வந்த தண்டனைக் கைதிகள். புலி இருக்கும் காட்டுக்குள் முதலில் நுழைந்து மரம் வெட்டி, சதுப்பில் மண் கொட்டி, நம் பெரியவர்கள் 'சடக்கு' என்று சொல்லும் சாலைகளைப் போட்டவர்கள் அவர்கள். நார்த் பிரிட்ஜ் சாலையும் சவுத் பிரிட்ஜ் சாலையும் கோல்மன் மேற்பார்வையில் கைதிகள் உழைப்பால் உருவானவை. மாரியம்மன் கோயிலுக்குப் போக சவுத் பிரிட்ஜ் சாலையில் இறங்கி நடக்கும் நாம் அந்த மண்ணைத்தான் மிதிக்கிறோம்.

புலியைப் பற்றி இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் நீங்களே கேட்பீர்கள். ராஃபிள்ஸ் ஹோட்டலில் பில்லியர்ட்ஸ் மேசைக்கு அடியில் புலி சுடப்பட்டது என்பார்கள். நடந்தது 1902இல். அது காட்டுப் புலியும் அல்ல, அருகில் நடந்த விலங்குக் காட்சியிலிருந்து தப்பி வந்த புலி. அது பதுங்கியது மேசைக்கு அடியில் அல்ல, தூண்கள் மேல் உயர்த்திக் கட்டிய பில்லியர்ட்ஸ் அறைக் கட்டடத்தின் தரைக்குக் கீழே. சுட்டவர் ராஃபிள்ஸ் கல்விக்கழகத்தின் தலைமையாசிரியர். கேட்கச் சுவையான கதை, ஹோட்டலுக்கும் நல்ல விளம்பரம். ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பு, மிளகு, கேம்பியர் தோட்டங்களுக்காகக் காட்டை அழித்துக்கொண்டு போனபோது, நாளுக்கு ஒருவரைப் புலி அடித்தது என்று பேசப்பட்ட காலத்தில், காட்டுக்குள் வேட்டைக்கு அனுப்பப்பட்டவர்களில் கைதிகளும் இருந்தார்கள். தலைமையாசிரியரின் துப்பாக்கி நினைவில் நின்றது. கைதிகளின் வேட்டை நிற்கவில்லை.

அடுத்து பேய்க் கதை. செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் இருக்கும் இடத்தில் அதற்கு முன்பு கோல்மன் கட்டிய பழைய தேவாலயம் ஒன்று இருந்தது. அதன் மீது 1845இலும் 1849இலும் இடி விழுந்தது. 1852இல் அதை மூடிவிட்டார்கள். மூடிய கட்டடத்தில் பேய் குடியேறும் என்பது எல்லா ஊருக்கும் பொது. 1853இல் நகரில் ஒரு வதந்தி கிளம்பியது. தேவாலயத்தை ஆவிகள் பிடித்துக்கொண்டன, அவற்றைச் சாந்தப்படுத்த மனிதத் தலைகள் வேண்டும், அந்தத் தலைகளை இரவில் வெட்டி வரும்படி அரசாங்கம் கைதிகளை ஏவிவிட்டிருக்கிறது என்று பேச்சு. மக்கள் இருட்டிய பிறகு வெளியே வர அஞ்சினார்கள். அரசாங்கமே மறுப்பு அறிவிப்பு வெளியிட வேண்டியதாயிற்று. பாலம் கட்டினாலும் பெரிய கட்டடம் எழுப்பினாலும் தலை பலி கொடுப்பார்கள் என்ற பேச்சு நம் பாட்டிமார் காலம் வரை இங்கே இருந்ததை மூத்த நேயர்கள் அறிவார்கள். "வெளியே போகாதே, தலை வெட்டுகிறவன் வருவான்" என்று பயந்து வளர்ந்த பிள்ளைகள் இன்று தாத்தாக்களாக இருக்கிறார்கள்.

இந்தக் கதையை நான் சொல்லும்போதெல்லாம் அரங்கில் சிரிப்பும் சிலிர்ப்பும் எழும். பிறகு ஒரு கேள்வி கேட்பேன். அந்த வதந்தியில் அரிவாளோடு வருகிறவன் யார்? கைதி. பகலெல்லாம் கண்ணெதிரே சாலை போட்ட அதே மனிதன், இருட்டியதும் தலை வெட்டுகிறவனாகிவிட்டான். ஒரு மக்கள் கூட்டத்தின் உழைப்பு ஊருக்கு வேண்டும், ஆனால் அவர்கள் அருகில் இருப்பது பிடிக்காது என்றால் இப்படிப்பட்ட கதைகள்தாம் பிறக்கும்.

அந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டு, 1856இல் புதிய தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1862இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. வரைந்தவர் ரொனால்ட் மெக்ஃபர்சன் என்ற பொறியாளர். கட்டியவர்கள், தலை வெட்டுவதாகப் பழி சுமத்தப்பட்ட அதே கைதிகள்!

அதன் சுவர்ப் பூச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். 'மதராஸ் சுண்ணாம்பு' என்று அதற்குப் பெயர். மணல் சேர்க்காத சிப்பிச் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் போட்டுக் குழைப்பார்கள். தேங்காய் மட்டையை ஊறவைத்த தண்ணீரை விட்டுப் பக்குவத்துக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் கலவையைச் சுவரில் பூசி, காய்ந்த பிறகு, வழுவழுப்பான கல்லால் தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். தேய்க்கத் தேய்க்கச் சலவைக்கல் போல மின்னும். செட்டிநாட்டு வீடுகளின் சுவரைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இந்தக் கைப்பக்குவம் இங்கிலாந்துப் பொறியியல் புத்தகத்திலிருந்து வந்ததன்று. தென்னிந்தியக் கொத்தனாரின் கையிலிருந்து வந்தது. இந்தப் பகுதியைச் சொல்லும்போது, "எத்தனை முட்டை?" என்று யாராவது ஒரு அம்மா கேட்காமல் இருப்பதில்லை. எண்ணி வைத்தவர் யாருமில்லை அம்மா, என்பேன்.

தேவாலயத்தோடு முடியவில்லை. 1855இல் ஒளியேற்றிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம், 1867 முதல் 1869 வரை கட்டப்பட்டு இன்று அதிபர் மாளிகையாக இருக்கும் இஸ்தானா, இவற்றிலும் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. புலாவ் உபினில் கருங்கல் உடைத்தார்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் அரசாங்கச் செங்கல் சூளையில் செங்கல் அறுத்தார்கள். அந்தச் செங்கல் 1867இல் ஆக்ரா கண்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இந்தியா வேண்டாம் என்று கப்பலேற்றி அனுப்பியவர்கள் செய்த செங்கல்லுக்கு இந்தியாவிலேயே பதக்கம்! சிராங்கூன் சாலையை அந்தக் காலத் தமிழர்கள் 'சுண்ணாம்புக் கம்பம்' என்று அழைத்தார்கள். செங்கல்லும் சுண்ணாம்பும் வெந்த வட்டாரம் அது. இன்று அங்கே தங்க நகையும் மல்லிகைப் பூவும் வாங்கப் போகிறோம்.

பிராஸ் பசாவில் இருந்த கைதிகளின் சிறைச்சாலையையும் அவர்களே கட்டினார்கள். தங்களைப் பூட்டும் கதவைத் தாங்களே பொருத்தினார்கள். அதைவிட வியப்பு, காவல் காத்தவர்களில் பெரும்பாலோரும் கைதிகளே. நன்னடத்தைக்கு ஏற்ப ஆறு வகுப்புகளாகப் பிரித்து, கீழ் வகுப்பில் விலங்கோடு இருப்பவன் படிப்படியாக மேலே வந்து, காவலனாகி, பிறகு அனுமதிச் சீட்டு பெற்று வெளியே தொழில் செய்து பிழைக்கலாம் என்று ஒழுங்கு வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் அவர்களுக்குப் பொறுப்பாக இருந்த மேஜர் மெக்நெயர், 'கைதிகளே தங்களுக்குக் காவலர்' என்று பொருள்படும் தலைப்பில் 1899இல் புத்தகமே எழுதினார். இஸ்தானாவை வரைந்தவரும் அவர்தான். நாம் இன்று அறியும் பல செய்திகள் அந்தப் புத்தகத்திலிருந்து வந்தவை. அதிகாரியின் கண்ணால் பார்த்து எழுதியது என்பதை மறந்துவிடாமல் படிக்க வேண்டும். தம் நிர்வாகம் மோசம் என்று எந்த அதிகாரி எழுதுவார்?

இவர்கள் இங்கே வந்தது எப்படி என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமத்ராவில் உள்ள பென்கூலன் ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1824 ஒப்பந்தப்படி அதை டச்சுக்காரர்களிடம் ஒப்படைத்தபோது, அங்கிருந்த இந்தியக் கைதிகளைச் சிங்கப்பூருக்கு மாற்றினார்கள். 1825 ஏப்ரல் 18ஆம் தேதி 80 பேர் வந்தார்கள், மதராஸ் மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். ஒரு வாரம் கழித்து வங்காளத்தைச் சேர்ந்த 122 பேர். பிறகு இந்தியாவிலிருந்து நேராகவே கப்பல்கள் வந்தன. எல்லாரும் தமிழர் என்று சொல்லிப் பெருமைப்பட முடியாது. வங்காளி, பஞ்சாபி, மராட்டியர், தெலுங்கர், இலங்கையர், பர்மியர் என்று எல்லாரும் இருந்தார்கள். மலாய்க்காரர்கள் அவர்களை 'ஓராங் ராந்தாய்', அதாவது சங்கிலி மனிதர்கள் என்றார்கள். அவர்களோ கைதி என்ற சொல்லையே விரும்பவில்லை. தங்களைக் கும்பனியின் வேலைக்காரர் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள்.

ஒரு மன்றத்தில் நான் இதைப் பேசி முடித்தபோது பெரியவர் ஒருவர் எழுந்தார். குரலில் கோபம் இருந்தது. "ஐயா, நாராயண பிள்ளையைப் பற்றிப் பேசுங்கள், கேட்கிறோம். கொலைகாரனையும் திருடனையும் நம் முன்னோர் என்று மற்ற இனத்தவர் முன்னிலையில் சொல்லி ஏன் தலைகுனிய வைக்கிறீர்கள்?" என்றார். அரங்கில் பாதிப் பேர் தலையசைத்தார்கள்.

அவருடைய கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நாராயண பிள்ளை 1819இல் ராஃபிள்ஸுடன் வந்தார், செங்கல் சூளை வைத்தார், 1827இல் மாரியம்மன் கோயிலை எழுப்பினார். அவரைப் பற்றிப் பேசத்தான் வேண்டும். ஆனால் வணிகரை மட்டும் எண்ணிக் கைதியை விட்டுவிட்டால் கணக்கு ஒத்துவராது. 1850களின் பிற்பகுதியில் இங்கிருந்த கைதிகள் இரண்டாயிரத்துக்கும் மேல். அப்போதைய சிறிய நகரத்துக்கு அது பெரிய தொகை.

அவர்கள் குற்றவாளிகளா? கொலை செய்தவர்கள் இருந்தார்கள், வழிப்பறிக்காரர்கள் இருந்தார்கள். அதை மூடிமறைத்து எல்லாரையும் விடுதலை வீரர்களாக்கிவிடும் பேச்சாளர்களும் இப்போது கிளம்பியிருக்கிறார்கள். அதுவும் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அரசியல் காரணத்துக்காகக் கடல் கடத்தப்பட்டவர்கள் இருந்தார்கள் என்பதும் உண்மை. பஞ்சாபில் ஆங்கிலேயரை எதிர்த்த பாய் மகராஜ் சிங் 1850இல் இங்கே கொண்டுவரப்பட்டு 1856இல் சிறையிலேயே மாண்டார்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒருவர் உண்டு. அதற்குப் பினாங்கு போக வேண்டும். சிங்கப்பூருக்கு முன்பே கும்பனியார் கைதிகளை அனுப்பிய தீவு அது. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட பிறகு, சிவகங்கைப் போரில் பிடிபட்டவர்களில் எழுபதுக்கும் மேற்பட்டோரை 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குக்கு அனுப்பினார்கள். அவர்களில் சின்ன மருதுவின் மகன் துரைசாமி, பதினைந்து வயதுப் பையன். கர்னல் வெல்ஷ் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, அமைதிக் காலத்தில் சின்ன மருதுவிடம் ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொண்டவர், துரைசாமியையும் அறிந்தவர். பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், அதே வெல்ஷ் பினாங்குக்கு வருகிறார். தளர்ந்துபோன ஒரு மனிதர் அவர் முன் வந்து நிற்கிறார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் என்று கேட்கிறார். "துரைசாமி" என்று பதில் வருகிறது. முப்பது வயதைச் சற்றே தாண்டிய மனிதரைக் கிழவர் என்று எண்ணிவிட்டதை வெல்ஷே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி, 1830இல் அச்சிட்டிருக்கிறார்.

பெரியவரிடம் இதைச் சொன்னேன். அவர் உட்கார்ந்துவிட்டார். நான் வென்றேன் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவர் கேள்வியில் பாதி இன்னும் அப்படியேதான் இருக்கிறது. துரைசாமியை ஏற்றுக்கொள்வது எளிது, அவர் மருதுவின் மகன். மாடு திருடிய குற்றத்துக்கோ, குடிபோதையில் நடந்த கொலைக்கோ வந்து, சாலை போட்டு, சுவர் தேய்த்து, இங்கேயே செத்தவனை ஏற்றுக்கொள்வோமா? எனக்கு அவனும் வேண்டும். தண்டனையை முழுதாக அனுபவித்துவிட்டான். கட்டியது நிற்கிறது.

ஆயுள் தண்டனை பெற்ற பலருக்கு நெற்றியில் பச்சை குத்தி அனுப்பினார்கள். அந்த வழக்கம் 1849 வரை இருந்தது. விடுதலையான பிறகும் நெற்றியில் குற்றம் எழுதியிருக்கும். ஆகவே தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டிக்கொண்டவர்கள் உண்டு. மறைக்க வேண்டும் என்ற எண்ணம் இன்றைக்கு நேற்று வந்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

1867இல் நீரிணைக் குடியேற்றங்கள் நேரடியாக லண்டன் ஆட்சியின் கீழ் போனபின், கைதிகளை வைத்திருப்பது ஊருக்கு இழுக்கு என்ற குரல் வென்றது. 1873இல் எஞ்சியிருந்தவர்களை அந்தமானுக்கு அனுப்பினார்கள். சீட்டுப் பெற்றவர்களும் மன்னிப்புப் பெற்றவர்களும் இங்கேயே தங்கினார்கள். வண்டி ஓட்டினார்கள், மாடு வைத்துப் பால் விற்றார்கள், கடை போட்டார்கள், குத்தகைக்கு வேலை எடுத்தார்கள். இந்த ஊர்ப் பெண்களை மணந்து, பிள்ளை குட்டிகளோடு வேறு பெயர்களில் வாழ்ந்தார்கள். ஆகவே அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் இந்த நிகழ்ச்சியை இப்போது பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

நெறியாளர் நேரம் முடிந்தது என்று கையசைக்கிறார். ஊர் வரலாறு பேசப்போகும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். புலிப் படத்தைக் காட்டுங்கள். காட்டிவிட்டு உடனே அடுத்த படத்துக்குப் போய்விடாதீர்கள். ஓரத்தில் விழுந்துகிடக்கிறார்களே, அவர்களுடைய முகத்தை ஒரு நிமிடம் பெரிதாக்கிக் காட்டுங்கள். நான் அப்படிக் காட்டிய ஓர் இரவு, கூட்டம் கலைந்த பிறகு, பாட்டி ஒருவர் என் அருகில் வந்து மெல்லச் சொன்னார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் எந்தக் கப்பலில் வந்தார், எந்த ஊர்க்காரர் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லையாம். கேட்டால் ஒரே பதில்தான் வருமாம்: "கும்பனி வேலைக்கு வந்தார்."